கொடையும் தகுதியும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துக்குத் திரும்பியபோது வராந்தாவில் ஒரு தாய் காத்திருந்தார். வயது நாற்பத்தெட்டு. மூன்று ஆண்மக்களையும் ஒரு பெண்ணையும் பெற்று வளர்த்தவர். அவருடைய தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் என்பதும், மருந்துகளால் நோய் அப்போதைக்கு அடங்கியிருந்தது என்பதும், இனி எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையே வழி என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர் என்பதும் பங்கில் எல்லாரும் அறிந்த செய்திகள். உடன்பிறந்தோர் அனைவரையும் சோதித்துப் பார்த்ததில் இருவருக்குப் பொருத்தம் இருந்தது. ஒருவர் இந்த அக்காள். மற்றவர் வீட்டின் கடைக்குட்டி, இருபத்தொன்பது வயது இளைஞர். மருத்துவர்கள் இளையவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"நான் தர்றேன்னு கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன் சாமி. வேண்டாங்கிறாங்க. வயசாயிடுச்சாம், நாலு பிள்ளை பெத்த உடம்பாம். பிள்ளை பெத்தது ஒரு குத்தமா சாமி?" என்று அவர் கேட்டார். நான் விடை தேடுவதற்குள் அடுத்த வேண்டுகோள் வந்தது: "சின்னவன் தயங்குறான். தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்."

நான் சொன்னேன், அந்த இளைஞரும் கேட்டார். சிகிச்சை நடந்தது. பதினோராவது மாதத்தில் நோய் மீண்டும் தலைகாட்டியது, அண்ணன் இறந்துபோனார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் அனைவரும் சாப்பிடச் சென்ற பின், அந்த இளைஞர் மட்டும் நான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த அறைக்கு வந்து நின்றார். "என் செல்லுதான் சரியில்லையா சாமி? அக்காவோடதை வச்சிருந்தா அண்ணன் பொழச்சிருப்பாரா?" என்றார்.

அக்காளின் கேள்வி ஒன்று. தம்பியின் கேள்வி மற்றொன்று. ஒருவர் தகுதியற்றவர் என்று விலக்கப்பட்டு வருந்தினார். மற்றவர் தகுதியுள்ளவர் என்று தெரிந்தெடுக்கப்பட்டு அதனாலேயே வருந்தினார். இருவருக்கும் அன்று நான் கூறிய ஆறுதல் மொழிகள் எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றைத் துணையாகக் கொண்டு அவ்விரு கேள்விகளையும் இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். அவற்றுக்கு நடுவே என் பிழை ஒன்றும் கிடக்கிறது. அதையும் மறைக்காமல் கூறுவதே முறை.

உடம்பு சொல்லும் கணக்கு

நம் எலும்புகளுக்குள்ளே இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. அவற்றையெல்லாம் பிறப்பிக்கும் மூல அணுக்களே ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள். நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் வெறுமையாக்கி, வேறொருவரின் குருத்தணுக்களை இரத்த நாளத்தின் வழியாகச் செலுத்தினால் அவை எலும்பைத் தேடிச் சென்று குடியேறிப் புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன. அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957-இல் இத்துறையின் முதல் முயற்சிகளை வெளியிட்டார். 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கிற்று.

ஸ்டெம் செல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்களில் சிலர் திருச்சபை தடுத்த காரியமாயிற்றே என்று தயங்குவதைக் கண்டிருக்கிறேன். திருச்சபை எதிர்ப்பது கருவை அழித்து அணுக்களை எடுக்கும் முறையை. வளர்ந்த மனிதரின் மஜ்ஜையிலிருந்தோ, குழந்தை பிறந்தபின் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தோ எவருக்கும் பெருந்தீங்கின்றி எடுக்கப்படும் அணுக்களைப் பயன்படுத்துவது முறையானதே என்று 2008-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'திஞ்ஞித்தாசு பெர்சோனே' என்னும் ஏடு தெளிவாகக் கூறுகிறது. இந்த அச்சத்தால் எவரும் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

இனி, எவருடைய அணுக்கள் பொருந்தும் என்பதைப் பார்ப்போம். ஒவ்வொருவர் அணுவின் மேலும் அவரை அடையாளம் காட்டும் சில புரதங்கள் உள்ளன. எச்.எல்.ஏ. என்று மருத்துவர் குறிப்பிடுவது இவற்றையே. தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் தாயிடமிருந்து ஒரு தொகுதியும் வருவதால், உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. பொருத்தமுள்ளவர் ஒருவருக்கு மேல் இருந்தால், வேறு சில தன்மைகளையும் மருத்துவர் எடைபோடுகின்றனர். கொடையாளியின் வயது என்ன, ஆணா பெண்ணா, பெண்ணாயின் கருவுற்றவரா, முன்னர் எந்தெந்த நோய்க்கிருமிகள் அவர் உடலைத் தொட்டுச் சென்றுள்ளன என்பன அவற்றுள் சில.

வயதின் செல்வாக்கைக் காட்டும் ஆய்வொன்று 2001-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் கொடையாளர் பதிவகம் வழியாக 1987-க்கும் 1999-க்கும் இடையே, உறவினரல்லாதாரிடமிருந்து மஜ்ஜை பெற்ற 6978 பேரை அது ஆராய்ந்தது. 18 முதல் 30 வயதுக்குட்பட்ட கொடையாளரிடம் பெற்றவர்களுள் நூற்றுக்கு 33 பேர் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தனர். 31 முதல் 45 வயதினரிடம் பெற்றவர்களுள் 29 பேர். அதற்கும் மூத்தோரிடம் பெற்றவர்களுள் 25 பேர். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கொடையாளியின் அணுக்கள் தாம் குடியேறிய உடலையே அந்நியமென்று கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குவதுண்டு. நெடுநாள் நீடிக்கும் அத்தகைய தாக்குதல் ஆண்களிடம் பெற்றவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு இரண்டாண்டுக்குள் வந்தது. பலமுறை கருவுற்ற பெண்களிடம் பெற்றவர்களுள் அது 54 பேருக்கு வந்தது. அதற்குப் பின் சிகிச்சை மிகவும் முன்னேறியுள்ளது. ஆயினும் இளையவரை முதலில் நாடும் வழக்கம் தொடர்கிறது. ஆகவே அந்த மருத்துவர்கள் அக்காளை விலக்கியதில் தவறேதுமில்லை. நோயாளியின் நலனை எண்ணி எடுத்த முடிவு அது.

தாயின் இரத்தம்

பிள்ளை பெற்றது குற்றமா என்று கேட்ட அந்தத் தாய்க்கு இன்று நான் விடை கூறுவதானால், அவருடைய இரத்தம் செய்த வேலையை முதலில் சொல்வேன்.

குழந்தை வயிற்றில் வளரும்போது அதன் அணுக்கள் சில தாயின் இரத்தத்திலும் கலக்கின்றன. குழந்தையின் உடலில் பாதி தந்தையின் அடையாளங்களைத் தாங்கியது. ஆண் குழந்தையாயின் தாயிடம் அறவே இல்லாத ஆணுக்குரிய புரதங்களும் அதில் உண்டு. தாயின் காவல் அணுக்கள் இவற்றைச் சந்திக்கின்றன; அறிந்துகொள்கின்றன; பல ஆண்டுகள் மறவாது நினைவில் வைத்திருக்கின்றன. பின்னொரு நாள் அவ்வணுக்கள் ஓர் ஆணின் உடலுக்குள் செலுத்தப்பட்டால், அந்தப் பழைய நினைவே அங்கே தாக்குதலாக மாறக்கூடும். மூன்று ஆண்மக்களைச் சுமந்த ஒரு பெண்ணின் இரத்தம் அம்மூவரையும் ஏதோ ஒரு வகையில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. மருத்துவர் அஞ்சியது அந்த நினைவைக் கண்டுதான்.

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. எச்.எல்.ஏ. எனும் அடையாளங்கள் உண்டென்று உலகம் அறிந்த வழியே தாய்மாரின் இரத்தம்தான் எனின் பெரிதும் மிகையன்று. 1958-இல் பாரிசில் ழான் தோசே, இரத்தம் பலமுறை ஏற்றப்பட்டவர்களின் ஊனீரை ஆராய்ந்து முதல் அடையாளத்தைக் கண்டார். அதே ஆண்டில் ஹாலந்தின் லெய்டன் நகரில் யான் வான் ரூடும், அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் பிறருடைய வெள்ளணுக்களை இனங்காணும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். அதற்குப் பிறகு பல்லாண்டுகள் உலகெங்கும் இருந்த சோதனைக் கூடங்களில் பொருத்தம் பார்க்கப் பயன்பட்டது, பல பிள்ளைகள் பெற்ற தாய்மாரின் ஊனீரே. தம்பிக்குப் பொருத்தம் பார்க்கும் கலையே இத்தகைய அக்காள்மாரின் உடம்பிலிருந்து கற்றுக்கொண்ட கலை.

ஒரு காரியத்துக்கு ஆகாமற்போவது ஒரு மனிதரின் மதிப்பைக் குறைப்பதில்லை என்பதை நாம் சொல்லளவில் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் நம் குடும்பங்களில் 'ஆகாது' என்ற சொல் எவ்வளவு கொடுமையாக ஒலிக்கிறது என்பதை நாம் அறிவோம். மலடி ஆகாது, கைம்பெண் ஆகாது என்று மங்கல காரியங்களில் பெண்களை ஒதுக்கிப் பழகிய சமூகம் நம்முடையது. மருத்துவமனையில் ஒலிக்கும் 'ஆகாது' நம் காதில் விழும்போது அந்தப் பழைய ஒலியும் உடன் கலந்துகொள்கிறது. மருத்துவர் ஓர் அணுவைப் பற்றிக் கூறினார்; அந்தத் தாய் தம்மைப் பற்றிக் கூறியதாகக் கேட்டார். அவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு, அன்று அவர் அருகில் அமர்ந்திருந்த எனக்கு இருந்தது. நானோ சின்னவரிடம் எப்போது பேசலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தகுதி கடமையாகுமா?

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

அந்த இளைஞரை மறுநாள் வரவழைத்தேன். அவர் அஞ்சினார். முதுகெலும்பில் ஊசி குத்தினால் இடுப்பு விழுந்துவிடும், பிள்ளைப்பேறு இல்லாமற்போகும் என்று யாரோ கூறியிருந்தனர். அவை உண்மையல்ல. இந்நாளில் பெரும்பாலும் நான்கைந்து நாட்கள் ஊசி போட்டுக் குருத்தணுக்களை இரத்தத்துக்குள் வரச்செய்து, சில மணி நேரம் இயந்திரத்தின் வழி இரத்தத்தைச் செலுத்திப் பிரித்தெடுக்கின்றனர். உடல்வலி இருக்கும், சில நாட்களில் அகன்றுவிடும். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையாகவே எடுப்பதானாலும் சில வாரங்களில் அது மீண்டும் ஊறிவிடும். பெருந்தீங்கு மிக அரிது. இவற்றை விளக்கிக் கூறி, அவருடைய அச்சத்தைப் பொறுமையோடு கேட்டு, முடிவை அவரிடமே விட்டிருக்க வேண்டும்.

நான் செய்தது வேறு. அன்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் எலும்பைப் பற்றிக் கூறியிருப்பதை எடுத்துரைத்தேன். நல்ல சமாரியர் உவமையை நினைவூட்டினேன். அண்ணனுக்கு ஏதேனும் நேர்ந்தால் வாழ்நாள் முழுவதும் உன்னால் தூங்க முடியுமா என்றும் கேட்டுவிட்டேன். அவர் தலை குனிந்து "சரி சாமி" என்றார். அந்தச் சம்மதத்தை வெற்றிச் செய்தியாக அவர் வீட்டாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இங்கே நாம் ஆராய வேண்டிய அறநெறிக் கேள்வி இது: ஒருவரிடம் பிறரைக் காக்கும் தகுதி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதைக் கொடுப்பது அவருக்குக் கடமையாகிவிடுமா? கடமையாயின், பிறர் அதை அவரிடம் உரிமையோடு கேட்டுப் பெறலாமா?

இக்கேள்வி 1978-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர நீதிமன்றத்துக்கே வந்தது. மஜ்ஜை வற்றிப்போகும் நோயால் வாடிய முப்பத்தொன்பது வயது மனிதருக்கு உறவினர் ஒருவரின் மஜ்ஜை பொருந்தும் என்று முதற் சோதனையில் தெரிந்தது. அந்த உறவினர் பின்னர் மனம் மாறி மறுத்துவிட்டார். அவரைக் கட்டாயப்படுத்துமாறு நோயாளி வழக்குத் தொடுத்தார். நீதிபதி ஜான் ஃபிளாகர்ட்டி, மறுப்பவரின் செயல் அறநெறிப்படி ஏற்கத்தக்கதன்று என்று வெளிப்படையாகவே கண்டித்தார். ஆயினும் ஒருவர் உடலிலிருந்து மற்றவர் நலனுக்காகச் சட்டத்தின் வலிமையால் ஒரு பகுதியை எடுக்க ஆணையிட முடியாது என்று தீர்ப்பளித்தார். சில வாரங்களில் நோயாளி இறந்துபோனார்.

முதன்முறை இதைப் படித்தபோது தீர்ப்பு கல்நெஞ்சமுடையதாக எனக்குப் பட்டது. மீண்டும் எண்ணிப் பார்க்கையில் அதன் ஆழம் விளங்கிற்று. கொடுப்பது ஒருவருக்குக் கடமையாக இருக்கலாம். இடர் சிறிது, தேவை பெரிது, உறவு நெருக்கம் என்னும்போது மறுப்பதற்கு நியாயம் தேடுவது கடினம் என்றே நான் இன்றும் கருதுகிறேன். ஆயினும் அந்தக் கடமை அவருடைய மனச்சான்றின் வழியாகவே நிறைவேற வேண்டியது. வெளியிலிருந்து ஒருவர் கையை நுழைத்து வசூலித்துக்கொள்ளக்கூடிய கடன் அன்று அது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-இல் உரோமையில் உறுப்பு மாற்று மருத்துவர்களின் பன்னாட்டு மாநாட்டில் உரையாற்றிய இரண்டாம் யோவான் பவுல், இத்தகைய கொடையின் மேன்மை தன் உடலின் ஒரு பகுதியைக் கைம்மாறு கருதாது மனமுவந்து அளிப்பதிலேயே இருக்கிறது என்று வலியுறுத்தினார். உண்மையை அறிந்து, கட்டாயமின்றித் தரும் இசைவு இன்றியமையாதது என்றும் கூறினார்.

வள்ளுவரின் கருத்தை நான் எவ்வளவு தலைகீழாகப் பயன்படுத்தினேன் என்பதும் பின்னரே விளங்கிற்று. அன்புடையவரின் எலும்பும் பிறர்க்கு உரியதாகிறது எனின், அந்த உரிமையை உண்டாக்குவது கொடுப்பவரின் அன்பு. பெறுபவரோ, பெறுபவருக்காகப் பரிந்து பேசும் பங்குத்தந்தையோ அதை உண்டாக்க முடியாது. சமாரியரும் அப்படியே. வழியிலே கிடந்தவரைக் கண்டு அவர் தாமே மனமிரங்கினார். யாரும் பின்னால் நின்று தள்ளவில்லை. அந்த உவமையை ஒருவர் முதுகில் வைத்துத் தள்ளும் கோலாக நான் மாற்றிவிட்டேன்.

உடலின் தகுதியே முதன்மையாகிவிடும்போது இந்த ஆபத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் உலகம் கண்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், நோயுற்ற அக்காளுக்குப் பொருந்தும் கரு ஒன்று ஆய்வுக்கூடத்தில் பலவற்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு ஆண் குழந்தையாகப் பிறந்தது. அதன் தொப்புள்கொடி இரத்தம் அக்காளுக்குச் செலுத்தப்பட்டது. அந்தப் பெற்றோரின் கண்ணீரைக் குறைத்து மதிக்க எனக்கு மனமில்லை. ஆனால் பொருத்தம் பார்த்த பின்பே ஒருவரை உலகுக்கு வரவேற்பது என்ற நிலை வந்தால், பொருந்தாத கருக்களின் கதி என்ன என்பதையும், பொருந்திய குழந்தை தன் பிறப்பின் காரணத்தை அறியும் நாளில் என்ன எண்ணும் என்பதையும் நாம் கேட்காமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் நடந்தது அதுவன்று என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் பொருத்தம் கண்டவுடன் இளைஞர் ஒருவர் நம் கண்ணுக்கு மருந்தாகத் தோன்றத் தொடங்குகிறார் அல்லவா? அந்தத் தொடக்கம் இரண்டுக்கும் பொதுவானது.

பலனின் பாரம்

மூன்றாவதாக, முப்பதாம் நாளில் அந்த இளைஞர் கேட்ட கேள்வி. சிகிச்சையின் பலன் கொடையாளியின் தன்மைகளைப் பொறுத்தது என்றால், தோல்வியின் பொறுப்பும் அவரையே சாருமா?

முதலில் மருத்துவம் கூறுவதைக் கேட்போம். ஒரே கருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவர் மற்றவருக்கு மஜ்ஜை அளித்தால், அணுக்கள் முற்றிலும் ஒத்திருப்பதால் நான் முன்னர்க் கூறிய தாக்குதல் பொதுவாக ஏற்படுவதில்லை. அவ்வாறாயின் அதுவே மிகச் சிறந்த கொடையென்று நாம் எண்ணுவோம். ஆனால் இரட்டையரிடம் பெற்றவர்களுக்குப் புற்றுநோய் மீண்டும் வருவது கூடுதலாக இருப்பதை மருத்துவர் கண்டனர். 1979-இலும் 1990-இலும் வெளிவந்த ஆய்வுகள் அதன் காரணத்தைத் தெளிவாக்கின. நோயாளியின் உடலைத் தாக்கும் அந்த அந்நிய அணுக்களே, மறைந்து கிடக்கும் புற்றணுக்களையும் தேடி அழிக்கின்றன. முழு அமைதி நிலவும் உடலில் நோயும் அமைதியாக ஒளிந்துகொள்கிறது. வேறுபாடு சிறிதளவேனும் இருந்தால்தான் காவல் உண்டு. மிகுந்துவிட்டால் காவலே கேடாகிறது.

பெண்ணின் அணுக்களை ஆணுக்குச் செலுத்தும்போதும் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. தாக்குதல் கூடுகிறது, நோய் மீள்வது சற்றுக் குறைகிறது. ஆகவே அக்காளின் அணுக்களைச் செலுத்தியிருந்தால் நோய் திரும்பாமல் இருந்திருக்கலாம். அதே அக்காளின் அணுக்களால் அந்த மனிதர் மூன்றாம் மாதமே ஈரல் கெட்டு இறந்திருக்கவும் கூடும். அந்த இளைஞரின் கேள்விக்கு மருத்துவத்தில் விடை இல்லை. நான் மேலே தந்த எண்களை மீண்டும் பாருங்கள். இளையோரிடம் பெற்றவர்களுள் 33 பேரும் மூத்தோரிடம் பெற்றவர்களுள் 25 பேரும் பிழைத்தனர். இடையே எட்டுப் பேர் வேறுபாடு. அந்த எட்டுப் பேர் யார் யார் என்று உலகில் எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. நூறு பேரைப் பற்றிய உண்மையை ஒரு தனி மனிதர் தம்மேல் ஏற்றிக்கொண்டு, நான்தான் காரணம் என்று சொல்வதற்கு வழியே இல்லை. விழுக்காடு கூட்டத்துக்கு உரியது. குற்றமோ பெயருள்ள ஒருவரின் மனத்துக்கு உரியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் கட்ட முடியாது.

இரண்டாவதாக அறநெறி கூறுவது. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது 'சும்மா தெயோலொஜியே' நூலில், ஒரு செயலின் பின்விளைவுகள் அச்செயலின் நன்மையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுமா என்று ஒரு வினாவை எழுப்பி ஆராய்கிறார். ஏழைக்கு ஒருவர் அளித்த தருமத்தை அந்த ஏழை தீய வழியில் செலவிட்டால், அதனால் கொடுத்தவரின் நன்மை அழிந்துபோவதில்லை என்னும் எடுத்துக்காட்டு அங்கே வருகிறது. முன்னறிந்த விளைவுக்கு மனிதர் பொறுப்பாளி. முன்னறிய முடியாததும், செயலிலிருந்து இயல்பாக எழாததுமான விளைவு அவருடைய நன்மையைத் தொடுவதில்லை. இதில் கொடையாளருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. தமக்குள்ள நோயையோ பழக்கத்தையோ அறிந்தே மறைத்து ஒருவர் அணுக்களை அளித்தால், அதன் விளைவு அவரைச் சாரும். கேட்கப்பட்டவற்றுக்கு உண்மையைக் கூறிவிட்டுத் தம் உடம்பை நம்பிக்கையோடு ஒப்படைத்தவரிடம் அதற்கு மேல் கேட்க எவருக்கும் உரிமையில்லை. அணுக்கள் குடியேறியபின் என்ன செய்யும் என்பது அவர் ஆணைக்கு உட்பட்டதன்று.

இத்துறையின் தொடக்க நாட்களில் நடந்த நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்று கூறுகிறது. 1958 அக்டோபரில் யூகோஸ்லாவியாவில் வின்ச்சா என்னுமிடத்திலிருந்த அணு உலையில் விபத்து நேர்ந்து ஆறு பேர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களைப் பாரிசுக்குக் கொண்டுவந்தனர். மருத்துவர் ழோர்ழ் மாத்தே அவர்களுள் ஐவருக்கு மஜ்ஜை செலுத்தினார். கொடுத்தவர்கள் முன்பின் அறியாத பிரெஞ்சுக்காரர்கள். மொழியும் நாடும் வேறு. எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்கும் முறையே அப்போது இல்லை. எவருடைய தகுதியையும் எவரும் அவ்வழியில் அளக்கவில்லை. கதிர்வீச்சுக்கு ஆளான அறுவருள் ஒருவர் இறந்தார், மற்றவர்கள் பிழைத்தனர். செலுத்திய மஜ்ஜை அவர்கள் உடலில் நிலைக்கவில்லை. பிழைத்தது அந்த மஜ்ஜையாலா, அல்லது அவர்களுடைய சொந்த மஜ்ஜை மீண்டெழுந்ததாலா என்று அறிஞர்கள் பின்னர் வாதிட்டனர். அந்தக் கொடையால் உடலுக்கு ஒரு பயனும் விளையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மேசைமேல் படுத்துத் தம் எலும்பைத் துளைக்கக் கொடுத்த அந்த அயலார் செய்தது கொடையன்று என்று யார் கூறுவார்?

வீட்டிலே செய்ய வேண்டியவை

இச்சிகிச்சை இன்று பெருகிவருகிறது. பாதி மட்டுமே பொருந்துகிறவர்களின் அணுக்களையும் பயன்படுத்தும் வழி வந்துவிட்டதால், பெற்றோரும் பிள்ளைகளும்கூடக் கொடையாளராகலாம். நல்ல செய்தி இது. ஆயினும் ஒரு வீட்டில் தெரிந்தெடுக்கப்படக் கூடியவர்களின் எண்ணிக்கை இதனால் கூடியிருக்கிறது. நான் கண்ட துயரமும் அத்தனை வீடுகளுக்கு வரக்கூடும். ஆகவே அந்தக் குடும்பத்திடமிருந்து கற்றுக்கொண்டவற்றை என் பங்கு மக்களுக்குக் கூறிவருகிறேன்.

கொடையாளியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரை, நோயாளியின் கட்டிலருகே எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். தனியே, அவருக்கு வேண்டியவர் ஒருவர் கேட்கட்டும். அவருடைய உடல்நலத்தை மட்டும் கவனிக்கும் மருத்துவர், நோயாளிக்குச் சிகிச்சை செய்பவரின்றி வேறொருவராக இருக்க வேண்டும் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட நெறி. அப்படி ஒருவரைச் சந்திக்கக் கேளுங்கள். மறுப்பதாயின் தொடக்கத்திலேயே மறுக்கும் துணிவை அவருக்குக் கொடுங்கள். நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழிக்கும் மருந்து செலுத்தத் தொடங்கியபின் கொடையாளி பின்வாங்கினால் அது நோயாளியின் உயிருக்கே முடிவாகிவிடும். அந்த நாளுக்கு முன் அவர் மனம் முழுமையாகத் தெளிந்திருக்க வேண்டும். வற்புறுத்திப் பெற்ற சம்மதம் அந்த நாளில்தான் ஆட்டம் காணும்.

விலக்கப்பட்டவரையும் மறவாதீர்கள். அவர் நீட்டிய கை நீட்டியபடியே நிற்கிறது. மருத்துவமனையில் மாதக்கணக்கில் உடனிருப்பதும், உண்ணத் தருவதும், இரவில் விழித்திருப்பதும் அந்தக் கைக்கு உரிய வேலைகளே. அந்த அக்காள் அதைத்தான் செய்தார். பதினொரு மாதங்களும் தம்பியின் வாய்க்கு ஒத்த கஞ்சியைக் கொதிக்கவைத்து எடுத்துச் சென்றவர் அவர். அணுக்களின் கணக்கில் அவர் பெயர் எங்குமில்லை.

இறுதியாக, கொடுத்தவரிடம் திரும்பிச் சென்று பேசுங்கள். குறிப்பாகச் சிகிச்சை தோற்றபின். அவர் வாய் திறந்து கேட்பதற்காகக் காத்திராதீர்கள்.

அந்த இளைஞருக்கு இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. சென்ற கல்லறைத் திருநாளன்று அண்ணன் கல்லறையில் அக்காளும் அவரும் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தபோது அருகே சென்றேன். அன்று நான் பேசிய முறைக்காக என்னை மன்னிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் திரியைக் காற்றுக்கு மறைத்துக் கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

"நீங்க சொல்லலேன்னாலும் குடுத்திருப்பேன் சாமி" என்றார். "ஒரு நாள் பொறுத்திருந்தீங்கன்னா நானே வந்து சொல்லியிருப்பேன்."

அந்த ஒரு நாளை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்காக அவர் அளித்த அணுக்கள் சில வாரங்களில் அவர் உடலில் மீண்டும் ஊறிவிட்டன. நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தர இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.